ரேஷன் கார்டில் ஒரு பல் தடம்

பாய்,

இன்று காலை ரேஷன் கடையில், பாமாயில் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் முன்னிலையில், துவரம்பருப்பு மூட்டையின் மேல் வலது கையை வைத்து நான் ஒரு சத்தியம் செய்தேன்.

"இப்ப நான் சொல்லப்போற கதைய இங்க நிக்கிற ஒருத்தரும் நம்பப் போறதில்ல. இது அந்த மலைமேல சத்தியம்."

ஜன்னல் வழியாக மலை பாதி தெரிந்தது. அது மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கார்டுதான். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் அதை மெஷினில் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "மாமா, மூலையில இன்னா இது, ஓட்டையா? மெஷின் எடுக்கமாட்டேங்குது. யாரோ கடிச்சா மாதிரி இருக்கு."

எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளை முதல் பல்செட் வைத்தவர் வரை என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அதனால் அவளுக்கும் நான் மாமா.

"கடிச்சா மாதிரி இல்லம்மா, கடிச்சதுதான்" என்றேன்.

"யாரு கடிச்சது?"

வரிசை ஓரடி முன்னால் நெருங்கி வந்தது. பாய், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஒருவர் என்னிடம் "யாரு" என்று கேட்டு, பின்னால் வேலையில்லாமல் பதினைந்து பேர் நின்றுகொண்டும் இருந்தால், அதற்குப் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பல்ல. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். சத்தியம் செய்தேன். "ரெண்டு லட்சம் தேனீய ஒண்டியா நின்னு எதுத்த ஒரு மகாவீரனோட பல்லும்மா இது" என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். உன் கைக்காகக் காத்திருந்தேன்.

நாற்பது வருடப் பழக்கம் அது. நான் கதை சொல்வேன். நீ மெத்தை தைத்துக்கொண்டிருப்பாய். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையைக் கவிழ்த்து, அடுப்புத் தீயைத் தணிப்பதுபோல மெதுவாக இறக்குவாய். "கம்மி பண்ணு" என்பாய். லட்சத்தை ஆயிரமாக்குவேன். கை மறுபடியும் இறங்கும். ஆயிரத்தை நூறாக்குவேன். இன்னும் ஒருமுறை இறங்கும். கடைசியில் உனக்குத் திருப்தியான ஓர் இடம் வரும். "சரி, இப்ப சொல்லு" என்பாய். நான் சொல்வேன். அந்தக் கைக்குத் தப்பிப் பிழைத்த புளுகு ஒன்றுகூடக் கிடையாது.

இன்று காலை அந்தக் கை இறங்கவில்லை. இரண்டு லட்சம் இரண்டு லட்சமாகவே நின்றது. உண்மையைச் சொன்னால் ஒரு கணம் எனக்குப் பயமாகிவிட்டது. அதனால் அதை மூன்று லட்சமாக்கினேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இருந்த உன் பஞ்சு மெத்தைக் கடையைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். உன் அப்பா காலத்தில் கல்யாண வீடுகளுக்கு மெத்தையும் தலையணையும் தைத்த கடை. உன் காலத்தில் வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்த பிறகு, நீ வட்ட வட்டமாக, காவி விளிம்பு வைத்து, தியானத்துக்கு உட்காரும் மெத்தை தைக்கத் தொடங்கினாய். பலகையில் என்னென்னவோ எழுதியிருந்தாலும் உன் வாயில் அதற்கு ஒரே பெயர், "சும்மா உக்கார்ற மெத்தை." வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பது வருடம் ஃபைல் புரட்டி ஓய்வு பெற்ற எனக்கு, மெத்தை இல்லாமலேயே சும்மா உட்கார உன் கடை வாசலில் ஒரு முக்காலி போட்டிருந்தாய்.

அந்த வாசலில்தான் ஒரு மழை நாளில் அது வந்து படுத்தது. செம்பட்டை நிறம், ஒரு காது கிழிசல், குத்தகை வசூலுக்குப் புறப்பட்டதுபோல ஒரு நடை. தையல் பிசகி ஒதுக்கி வைத்த ஒரு வட்ட மெத்தையைப் பார்த்ததும் நேராகப் போய் அதன்மேல் சுருண்டுகொண்டது. அன்றைக்கே நான் அதற்கு ஜமீன்தார் என்று பட்டம் சூட்டினேன்.

"தெருநாய்க்கு எதுக்குய்யா அவ்ளோ பெரிய பேரு? கம்மி பண்ணு" என்றாய். கம்மி பண்ணி நீ வைத்த பெயர் "அது." எட்டு வருடமும் அது "அது"தான். "அது சாப்டுச்சா?" "அது எங்க போச்சு?" "அதுக்கு வெயில் அடிக்குது பாரு, பலகைய நவுத்து."

கடைக்கு வருகிறவர்கள் யாருடைய நாய் என்று கேட்டால் உன் ஊசி என்னைக் காட்டும். "இவரு நாய்." என் விரல் உன்னைக் காட்டும். "பாய் நாய்." இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத அந்த ஜீவன் இரண்டு பேர் சோற்றிலும் தின்று பெருத்தது.

நாயின் எச்சில் பட்ட துணியோடு நீ தொழ மாட்டாய். அதைப் பற்றி நீ யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை, யாரோடும் வாதாடியதும் இல்லை. கடைக்குப் பின்சுவரில் பேசாமல் ஓர் ஆணி அடித்தாய். அதில் நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றைத் தொங்கவிட்டாய். அதுதான் நாய் லுங்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி ஆணிக்குப் போகும், நாய் லுங்கி இடுப்புக்கு வரும். அதன் காதுமடலையும் கால்விரல் இடுக்குகளையும் விரித்து, சின்ன இடுக்கியால் உண்ணி எடுத்து, சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுவாய். நான் முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்வேன்.

"திருகக் கூடாதுய்யா. நேரா இழுக்கணும். திருகினா தலை உள்ளயே நின்னுடும், புண்ணாயிடும்."

"பாய், இப்ப எடுத்தியே, அது குலாப்ஜாமூன் சைஸ் இருந்துச்சு."

"கம்மி பண்ணு."

"கொண்டக்கடலை."

"கம்மி பண்ணு."

"மிளகு."

"சரி."

முடிந்ததும் குளித்துவிட்டு மறுபடியும் வெள்ளையில் வந்து உட்காருவாய். ஒருநாள் கேட்டேன், உன் நாய் இல்லை என்கிறாயே, பின்னே எதற்கு இந்தச் சேவை என்று. நீ நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாய்: "நாய் யாருதா இருந்தா இன்னாய்யா, உண்ணி அதைத்தான கடிக்குது."

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஜும்மா தொழுகைக்குக் கிளம்பி நின்றாய். இஸ்திரி கலையாத வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, பத்தடி தூரத்துக்கு அத்தர் வாசம். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாய். பாமாயில் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு போன நான், அந்த முக்கியச் செய்தியை உனக்குச் சொல்ல நின்றேன். எதிர் விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீக் கூடு ஒன்று பல நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த பருந்து ஒன்று அதில் இறக்கையால் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனது.

ரேஷன் கடையில் நான் இதை இப்படிச் சொன்னேன்: வானம் இருண்டது. செங்கம் பஸ் பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டது. கிரிவலம் போய்க்கொண்டிருந்தவர்கள் ஓடிய ஓட்டத்தில் பதினான்கு கிலோமீட்டரும் அரைமணியில் முடிந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, மறுபடியும் கொட்டு வாங்கினார்கள். நான் ஒருவன் மட்டும் ஆறடி மெத்தையைக் கேடயமாக ஏந்தி நடுரோட்டில் நின்றேன்.

நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பஞ்சு அடைக்காத மெத்தை உறைக்குள் தலைகீழாக நுழைந்திருந்தேன். கால் இரண்டும் வெளியே இருந்தன. நீ ஷட்டரை முழுதாக இறக்கி உள்ளே நின்றாய். இழுத்து இறக்குவதற்குள் அது வெளியே பாய்ந்துவிட்டது. கடையைக் காப்பது தன் பொறுப்பு என்று அது நினைத்திருக்க வேண்டும். தெருவில் நின்று, தேனீக்களைப் பொரி கொறிப்பதுபோல வாயாலேயே பிடிக்கப் பார்த்தது. குரைப்பு கேட்டது. பிறகு ஊளை. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"அது சத்தம் வரலய்யா" என்றாய் நீ, ஷட்டரில் காதை வைத்து.

உறைக்குள்ளிருந்து நான் ஏதோ வீரமாகச் சொன்னேன்.

"வெளிய வாய்யா மொதல்ல."

தேனீக்கள் அடங்கிய பிறகு வெளியே வந்தோம். அதன் மெத்தை காலியாக இருந்தது. சாக்கடைப் பாலத்தின் கீழே குனிந்து பார்த்தோம். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டோம். டீக்கடையில் கேட்டோம். கடைசியில், எதிர்ச்சாரியில் காபிக் கடையின் பின்முற்றத்தை எட்டிப் பார்த்தபோது, இந்த ஊரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காண முடியாத காட்சி ஒன்றைக் கண்டோம்.

வேப்பமரத்தடியில், மலையைப் பார்த்து, முன்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது ஜமீன்தார். அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக, காவி விளிம்பு வைத்த உன் வட்ட மெத்தைகளின் மேல், கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்கள் உன் வாடிக்கையாளர்கள். யாரோ அதன் முன்னால் ஒரு செம்பருத்திப் பூகூட வைத்திருந்தார்கள்.

நீ ஓரடி எடுத்து வைத்ததும், சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த பருத்திப் புடவை அம்மா ஒருவர் உதட்டில் விரல் வைத்தார். "சத்தம் போடாதீங்க பாய். இருபது நிமிஷமா இப்படியே இருக்கு. அந்த முகத்துல எவ்ளோ நிறைவு பாருங்க."

முகம் நிறைந்துதான் இருந்தது. எண்ணெயில் போட்ட பூரிபோல உப்பியிருந்தது. கன்னம் இரண்டும் விருந்து உண்ட களையில் இருந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். உன்னிடம் மறைப்பானேன், எனக்கே ஒரு கணம் கும்பிடத் தோன்றியது. நீ அதன் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாய். விலா ஏறி இறங்கும்போது தொண்டையில் கர் கர் என்று ஒரு சத்தம்.

"அது மூச்சு இழுக்குதுய்யா" என்றாய்.

அப்போது நீ ஒரு நொடி தயங்கியதை நான் பார்த்தேன். குனிந்து ஜிப்பாவைப் பார்த்தாய். நாய் லுங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஷட்டருக்கு உள்ளே, ஆணியில் இருந்தது. ஜும்மா பாங்கு கேட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் உன் கடையில் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள். வாடிக்கையாளரிடம் நீ குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"எல்லாரும் எழுந்திருங்க" என்றாய். வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. "இது தியானம் இல்லைங்க. தேனீ கொட்டி மூஞ்சி வீங்கிக் கண்ணு தொறக்க முடியாம உக்காந்திருக்குது."

எல்லோரும் கண் திறந்தார்கள். ஒருவர் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த தாடிக்கார வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். பருத்திப் புடவை அம்மா உனக்குச் சொன்னார்: "இவர் என்ன கேக்குறார்னா, ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதான்னு."

"இருக்கலாம்மா" என்றாய் நீ. "ஆனா மொதல்ல ஊசி போடணும்."

சொல்லிக்கொண்டே மண்டி போட்டுவிட்டாய், அந்த வெள்ளையோடு, அந்த மண்ணில்.

அதன் உதட்டிலும் மூக்கு ஓரத்திலும் கறுப்புக் கறுப்பாகக் கொடுக்குகள் குத்தி நின்றன. நான் விரலால் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாய். "அமுக்கினா மீதி விஷமும் உள்ள எறங்கிடும். வழிச்சு எடுக்கணும். உன் கையில இன்னாய்யா அது?"

"ரேஷன் கார்டு."

"குடு."

"பாய், இன்னிக்கு பாமாயில்..."

"குடுய்யா."

துணியில் ஒட்டிய பஞ்சைச் சுரண்டுவதுபோல, கார்டின் ஓரத்தால் ஒவ்வொரு கொடுக்காகப் பக்கவாட்டில் வழித்தாய். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொட்டுக்கு ஒரே வைத்தியம்தான். பீடாக் கடைக்கு ஓடி வெற்றிலையில் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

"மூஞ்சில சுண்ணாம்பா? நக்குச்சுன்னா நாக்கு வெந்துடும்யா. ஐஸ் தண்ணி கொண்டா."

காபிக் கடைக்காரர் துணியில் ஐஸ் சுற்றிக் கொடுத்தார். பருத்திப் புடவை அம்மா அதைக் கன்னத்தில் ஒற்றினார். தாடிக்காரர் பின்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். வழித்தெடுத்த கொடுக்குகளை நான் எண்ணினேன். நான் எண்ணினேன் என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் அது முந்நூற்றெட்டாக வந்தது.

கடைசிக் கொடுக்கு உதட்டின் உள்பக்கம் இருந்தது. நீ இரண்டு விரலை வாய்க்குள் விட்டு உதட்டைத் திருப்பினாய். வலி தாங்காமல் அது வாயை மூடியது. உன் விரல் உள்ளே இருந்தது. மூடிய வாய் மெதுவாகத் திறந்தது. கண் தெரியாத அந்த முகம் ஒரு விரற்கடை தள்ளி நகர்ந்தது. பிறகு கார்டின் மூலையைப் பார்த்து டக்கென்று ஒரு கடி. உன் விரலில் ஒரு கீறல்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் ரேஷன் கடையில் ரொம்பச் சிரித்தார்கள். "மாமா, ரொம்ப ஓவரு" என்றது பின்வரிசை.

பிறகு கலெக்டர் தம் காரையே அனுப்பினார் என்றும், சைரன் ஒலிக்க வேங்கிக்காலுக்குப் பறந்தோம் என்றும், வழியில் மூன்று கல்யாண ஊர்வலங்கள் ஒதுங்கி வழிவிட்டன என்றும் சொன்னேன். வேங்கிக்காலில் இருந்த மாட்டு டாக்டரம்மா மட்டும் கதையில் அப்படியே இருந்தார். அவரை எப்படிப் பெரிதாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி போட்டார். ஒரு மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். கார்டைப் பார்த்து, "இதாலயா வழிச்சீங்க? நல்ல வேலை செஞ்சீங்க. புடுங்கியிருந்தா இன்னும் ஏறியிருக்கும்" என்றார். மனுஷன் போடுகிற மாத்திரை எதையும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது, சொறியவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மறுபடியும் மூச்சு இழுத்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கி வர வேண்டும் என்றார். நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய், மருமகளுக்குப் பிரசவம் பார்த்தவரிடம் ஆட்டுவதுபோல.

ஆஸ்பத்திரியில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்த பெண் கேட்டாள். "யாரு நாய்?"

என் விரல் பழக்கத்தில் உன்னைக் காட்ட எழுந்தது. உன் கையில் ஊசி இல்லை. இரண்டு கையிலும் அது இருந்தது.

"என்னுது" என்றாய்.

"நாய் பேரு?"

"ஜமீன்தார்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நானும்தான்.

ஒரு மணி நேரம் கழித்து மூச்சுச் சத்தம் அடங்கியது. ஒரு கண் நூல் அகலத்துக்குத் திறந்தது. திறந்ததும் அது பார்த்தது உன்னைத்தான். எச்சிலும் மண்ணும் ஐஸ் தண்ணீரும் அப்பிய ஜிப்பாவை மேலும் கீழும் பார்த்தது. இன்னும் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்த இடமாகப் பார்த்து ஒரு தும்மல் போட்டது.

"ஜும்மா போச்சே பாய்" என்றேன், திரும்பி வரும்போது.

"வீட்ல குளிச்சிட்டு லுஹர் தொழுதுக்கறேன். மேல இருக்கிறவனுக்குத் தெரியாதா" என்றாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்று நாள் அதன் தலை பூசணிக்காயாக இருந்தது. தியானக்காரர்கள் பிஸ்கட்டோடு வந்து விசாரித்தார்கள். தாடிக்காரர் அது படுக்கும் பழைய மெத்தையைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். புதிதாக எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்ன நீ, "அது அதோடதுங்க" என்று மட்டும் மறுத்தாய். வேங்கிக்காலில் சொன்ன பெயரை அதற்குப் பிறகு நீ கடையில் ஒருநாளும் சொல்லவில்லை. மறுபடியும் "அது"தான்.

போன வருடம் நீ போனாய். நாற்பதாம் நாள் கழித்து உன் வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, மஞ்சள் பை ஒன்றைக் கொடுத்தார்கள். "அண்ணே, இது எங்க வீட்ல வேற யாருக்கும் ஆகாது. நீங்களே வச்சுக்கங்க." உள்ளே நாய் லுங்கி. துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து. நாற்பது வருடச் சிநேகத்துக்கு எனக்கு வந்த சொத்து அதுதான் பாய். ஊர் முழுவதும் அதைப் பட்டுப் பீதாம்பரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். ஜமீன்தாருக்கு வயதாகிவிட்டது, மோவாய் நரைத்துவிட்டது, இப்போது என் வீட்டு வாசலில் உன் வட்ட மெத்தையோடு குடியிருக்கிறது. உண்ணியைத் திருகாமல் நேராக இழுக்கிறேன். எடுத்த உண்ணி எவ்வளவு பெரிது என்று சொல்லத் திரும்பினால் கை இறக்க ஆள் இல்லை.

கதை முடிந்ததும் ரேஷன் கடைப் பெண் கார்டைத் தன் துப்பட்டாவால் துடைத்து, சாய்த்துப் பிடித்து மெஷினில் காட்டினாள். ஒரு வழியாகக் கீச்சென்றது. "மாமா, இ-சேவை மையத்துல டூப்ளிகேட்டுக்கு எழுதிக் குடுத்துடுங்க. அடுத்த மாசம் எடுக்காது" என்றாள். மாட்டேன் என்றேன். "இதுல எவ்ளோ மாமா உண்மை?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லாம் உண்மை என்று பருப்பு மூட்டை மேல் மறுபடியும் கை வைத்தேன்.

உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. நீ கை இறக்காவிட்டால் என்ன, நானே இறக்குகிறேன்.

தேனீ மூன்று லட்சம் இல்லை. ஷட்டர் இடுக்கில் பார்த்தவரைக்கும் ஒரு கூட்டம், அவ்வளவுதான். செங்கம் பஸ் ஹெட்லைட் போடவில்லை. அந்த நேரத்தில் பஸ்ஸே வரவில்லை. கிரிவலம் போனவர்கள் இரண்டு பேர், அவர்களும் டீக்கடைக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்தவர்கள் என்றேனே, உனக்கே தெரியும், ஐந்து பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கொடுக்கு முந்நூற்றெட்டு இல்லை, பதினொன்று. அது உன் விரலை விட்டுக் கார்டைத் தெரிந்துதான் கடித்ததா என்று கேட்டால், விரல் நழுவிய இடத்தில் கார்டு இருந்தது, கடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கலெக்டருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆட்டோ.

அந்த ஆட்டோவைப் பற்றி மட்டும் ரேஷன் கடையில் நான் சொல்லவில்லை.

அது உன் மடியில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் இடைவெளி அதிகமாகிக்கொண்டே வந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரில் தெரிந்த டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கதை கொட்டுகிற எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நீ குனிந்து, அதன் கிழிந்த காதுக்குள் பேச ஆரம்பித்தாய்.

"ஜமீன்தாரே, நீ யாருன்னு தெரியுமா? மூணு லட்சம் தேனீய ஒண்டியா வெரட்டுனவன்யா நீ. உன்னப் பாத்தா புலி ஒதுங்கிப் போவும். நீ கொலச்சா அந்த மலையே ரெண்டடி நவுந்து குந்தும். உனக்கு ஒண்ணும் ஆவாது. நூறு வருஷம் இருப்பே."

என் கை தானாக எழுந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது.

"பாய், கம்மி பண்ணு" என்றேன்.

நீ தலை நிமிரவில்லை. "இன்னிக்கு வேணாம்யா" என்றாய். "ஜாஸ்தியாவே இருக்கட்டும்."

மூன்று லட்சம் என் கணக்கு இல்லை பாய், உன்னுடையது. இன்று காலை அதைத்தான் கடன் வாங்கினேன். கார்டு சட்டைப் பையில் இருக்கிறது. மாற்றப் போவதில்லை. மற்ற எல்லாவற்றையும் கம்மி பண்ணிவிட்டேன். ஆட்டோவில் நடந்தது மட்டும் நடந்தபடியே இருக்கிறது; அதில் கை வைக்க எனக்கு இடம் இல்லை.